பேனல் டாக்டர் யாருடைய டாக்டர்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கமுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த கடிதம் இது. பெயரும் தோட்டமும் வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டதால், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மா, என் அம்மாவுக்கு வயது 52. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. கொஞ்ச நாளாகத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று டவுனில் இருக்கும், கம்பெனி நியமித்துச் செலவைக் கட்டும் பேனல் கிளினிக்குக்குப் போனார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அப்பா இறந்ததிலிருந்து அரசாங்க கிளினிக்கில் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதை அம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நாலு பேர் முன்னால் ஆபீஸ் கிராணி (எழுத்தர்), 'என்னக்கா, மன வியாதிக்கு மருந்து சாப்பிடுறீங்களாமே' என்று கேட்டுவிட்டார். இப்போது லயம் முழுக்கத் தெரியும். 'உங்க நல்லதுக்குத்தான்' என்று சொல்லி அம்மாவை உதிரிப்பழம் பொறுக்க மாற்றிவிட்டார்கள். கையில் வரும் சம்பளம் குறைந்துவிட்டது. அந்த மாத்திரையால்தானே இந்த மானக்கேடு என்று அம்மா அதையும் நிறுத்திவிட்டார்.

கம்பெனி காசு கொடுக்கிறது என்பதற்காக டாக்டர் கம்பெனியிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா? டாக்டர்களுக்கான நெறிமுறைகளைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று படித்தேன். அது எங்கள் ஊர் கிளினிக்குக்கும் உண்டா, கோலாலம்பூர் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தானா? நானே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா? அம்மாவோ, 'டாக்டரை எதிர்த்துப் பேசக்கூடாது, நாளைக்கும் அவரிடம்தான் போகணும்' என்கிறார்."

மகளே,

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பலருக்குத் தலைச்சுற்றல், குமட்டல், தூக்கம் கெடுதல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். ஏற்கெனவே கிறுகிறுப்போடு இருக்கிறவருக்கு எது எதனால் வந்தது என்று அப்புறம் பிரித்துச் சொல்வது கஷ்டம். அடங்கியிருந்த சோர்வும் சில வாரங்களில் திரும்பிவிடலாம். மாத்திரை கொடுத்த அரசாங்க கிளினிக்குக்கே இந்த வாரம் அம்மாவைக் கூட்டிப் போங்கள். என்றைக்கு நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். நீங்களாக வீட்டில் பழைய அளவில் மறுபடி கொடுக்க வேண்டாம். 'இருந்து என்ன பயன்' என்ற மாதிரி அவர் பேச ஆரம்பித்தால் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பில்லை யார் கட்டினாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்குத்தான் டாக்டர் கட்டுப்பட்டவர். இந்த ஆள் வேலைக்கு வரமுடியுமா, முடியாவிட்டால் எத்தனை நாள், வந்தால் எந்த வேலையைக் கொடுக்கக்கூடாது என்பது கம்பெனிக்குத் தெரிந்தால் போதும். நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் அந்தக் கணக்கில் வராது. அம்மா தெரிந்தே, புரிந்தே சரி என்று சொல்லியிருந்தால் மட்டும் அது வேறு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் இதற்குமேல் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்குமேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். முதலாளி நியமித்த டாக்டரின் சான்றிதழ் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பேனல் டாக்டர் நியாயமான தூரத்திலோ நேரத்திலோ கிடைக்காவிட்டால் வேறு எந்தப் பதிவு பெற்ற டாக்டரின் எம்.சி.யும் செல்லும். இது தோட்டத்தில் பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு நேரான விஷயம் தோட்டத்தில் ஏன் யாருக்கும் தப்பாகப் படுவதில்லை? அம்மாவின் பயத்தைப் புரிந்துகொள்ள அதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்ட நிர்வாகங்கள்மீது மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பைச் சுமத்தியது. தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது, மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் ஐயா வந்தார், எப்போதாவது காரில் டாக்டர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ராத்திரி நேரத்தில் டார்ச் லைட்டோடு லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்த டிரஸ்ஸர்களைப் பற்றிப் பாட்டிமார் இன்றைக்கும் நன்றியோடு பேசுவார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது துரை. காலையில் பெரட்டில் ஆள் குறைந்தால் கேள்வி அவரிடம்தான் வரும்: இது நோயா, சாக்கா? அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவரால் நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது. யாருக்கு என்ன நோய் என்பது, எத்தனை பேர் பால் வெட்டுக்குப் போனார்கள் என்ற கணக்கோடு சேர்ந்து ஆபீஸ் மேசைக்குப் போனது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டம் 1965இல் வந்தது. பிறகு தோட்டங்கள் கைமாறின, ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடின, டவுன் கிளினிக்குகள் பேனல் கிளினிக்குகளாயின. ஆபீசுக்கு நோய் தெரிய வேண்டும் என்ற பழக்கம் மட்டும் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்துவிட்டது. கிராணி பெரட்டில் அப்படிக் கேட்டபோது தான் ஏதோ தப்புச் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். அதனால் அது சரியாகிவிடாது.

விஷயம் எப்படி வெளியே போயிருக்கும்? டாக்டர் போன் போட்டு ஆபீசில் சொன்னார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் டாக்டர் வாயே திறந்திருக்க வேண்டியதில்லை. பேனல் கிளினிக் மாதாமாதம் கம்பெனிக்குப் பில் அனுப்புகிறது. நோயாளி பெயர், தேதி, நோய், கொடுத்த மருந்து என்று வரிசையாக இருக்கும் அந்தத் தாளை ஆபீசில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இடையில் பில்லைக் கவனிக்கும் ஒரு நிர்வாக நிறுவனம் இருந்தால் அதே விவரம் கணினி வழியாகப் போகும். இல்லாவிட்டால் கவுன்டரில் இருக்கும் பிள்ளை எம்.சி.யைப் படம் எடுத்துக் கம்பெனி வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கும். 'ஆளுக்கு என்ன பிரச்சினை' என்று ஆபீசிலிருந்து யாராவது கேட்க, உபகாரமாக நினைத்துப் பதில் சொல்லியிருப்பார்கள். இதில் எது நடந்திருந்தாலும் பொறுப்பு டாக்டருடையதுதான். தன் கிளினிக்கிலிருந்து வெளியே போகும் தாளுக்கும் தன் ஊழியர்களின் வாய்க்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

'வேலைக்குச் சேரும்போது உங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க' என்று ஆபீசில் சொல்லக்கூடும். எந்த மொழியில் இருந்தது, யார் படித்துக் காட்டினார்கள், எதற்குச் சம்மதம் என்று கேளுங்கள். 'என் மருத்துவ விவரங்களை நிர்வாகத்துக்குத் தரலாம்' என்று பல வருடத்துக்கு முன் ஒரு கட்டுத் தாளோடு சேர்த்து வாங்கிய கையெழுத்து, இன்றைக்கு மனச்சோர்வு மாத்திரையைப் பெரட்டில் அறிவிக்க அனுமதி ஆகாது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களைத் தனிக் கவனத்துக்குரிய தரவு என்கிறது. அதைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும். சட்டம் தனியார் கிளினிக்கையும் கட்டுப்படுத்தும், தோட்டக் கம்பெனியையும் கட்டுப்படுத்தும்.

நெறிமுறைகளைப் புதுப்பித்தது பற்றிக் கேட்டீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது புதிய விதி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் வகுத்த உறுதிமொழியிலேயே அது இருந்தது. நோயாளி இறந்த பிறகும் காக்க வேண்டும் என்பது பின்னால் சேர்ந்தது. 2017இல் அந்த உறுதிமொழியைத் திருத்தியபோது நோயாளியின் தன்னுரிமையையும் கண்ணியத்தையும் மதிப்பேன் என்ற வரியைச் சேர்த்தார்கள். அதே சங்கத்தின் சர்வதேச மருத்துவ நெறிமுறையை 2022இல் பெர்லினில் புதுப்பித்தார்கள். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்துக்கு 2012இல் கொண்டுவந்த பெரிய திருத்தம் 2017 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. டாக்டர் வருடா வருடம் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்ந்து படித்துப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், இழப்பீட்டுக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். மலேசிய மருத்துவ மன்றம் தன் நடத்தை நெறித் தொகுப்பை 2019இல் திருத்தி வெளியிட்டது. நோயாளி ரகசியத்துக்கும் சிகிச்சைச் சம்மதத்துக்கும் அதற்கு முன்பே தனித்தனி வழிகாட்டிகள் இருந்தன.

இதிலெல்லாம் உண்மையில் என்ன மாறியது என்று கேட்டால், என் கணிப்பைச் சொல்கிறேன். பழைய தொகுப்புகளைப் படித்தால் டாக்டர்கள் தங்கள் தொழிலின் மதிப்பைப் பற்றித்தான் நிறையக் கவலைப்பட்டிருப்பது தெரியும். விளம்பரம் செய்யாதே, அடுத்தவர் நோயாளியை இழுக்காதே, தொழிலுக்கு இழுக்கு வரும்படி நடக்காதே. இப்போது நோயாளி அந்த அறையில் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறார், முடிவெடுக்கும் ஆளாக. நீதிமன்றமும் அந்தப் பக்கம் தள்ளியது. சிகிச்சையின் ஆபத்துகளை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்கள் தங்களுக்குள் வழக்கம் வைத்துத் தீர்மானித்துக்கொள்ள முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா என்ற நோயாளியின் வழக்கில் சொன்னது. புதுப்பித்ததன் சாரம் இதுதான். உங்கள் அம்மாவுக்கு நடந்ததோ 1948 கணக்குப்படியும் தவறு.

ஊர்க் கேள்விக்கு வருகிறேன். கோலாலம்பூருக்கு ஒரு நெறி, சுங்கை சிப்புட்டுக்கு ஒரு நெறி கிடையாது. இரண்டு ஊரிலும் டாக்டர் அதே மன்றத்தில் பதிவு பெற்றவர். தனியார் கிளினிக் எதுவானாலும் 2006 மே மாதம் நடப்புக்கு வந்த 1998ஆம் ஆண்டு தனியார் மருத்துவ வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவை உங்கள் ஊர் டாக்டருக்கு யாராவது நினைவுபடுத்தினால் நல்லது. கம்பெனிக்கும் கிளினிக்குக்கும் இடையில் நிற்கும் நிர்வாகச் சிகிச்சை நிறுவனங்களோடு கிளினிக் போடும் ஒப்பந்தம், டாக்டர்களின் தொழில் நெறியை மீறும்படி இருக்கக்கூடாது என்கிறது அது. 'பில்லில் எல்லாம் எழுதினால்தான் பணம் தருவார்கள்' என்ற பதில் அங்கே செல்லாது.

சிறிய ஊர் டாக்டரின் நிலையும் எனக்குத் தெரியாததில்லை. சுற்றியுள்ள இரண்டு மூன்று தோட்டங்களின் பேனல் போய்விட்டால் வாடகை கட்ட முடியாமல் போகிறவர் உண்டு. எம்.சி. அதிகம் கொடுக்கிறார் என்று மேனேஜர் முகம் சுளித்தாலே பயப்படுகிறவர் உண்டு. அனுதாபம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை உங்கள் அம்மா கட்டக்கூடாது.

டாக்டர் வெளியே சொல்லியே ஆகவேண்டிய நேரங்களும் உண்டு. டெங்கி, காசநோய் போன்றவற்றை 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டும். பிறர் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். அப்போதும்கூடத் தொற்றுநோய்த் தகவல் போவது கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு, தோட்ட ஆபீசுக்கு அல்ல.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்டது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. மருந்தடிக்கும் ஒரு பெண் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வந்திருக்கிறார். என்ன மருந்து அடிக்கிறீர்கள், முகமூடியும் கையுறையும் கொடுக்கிறார்களா, கலக்குவது யார், நனைந்த துணியோடு எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள், வேலை இல்லாத நாளில் தலைவலி குறைகிறதா என்று யாராவது கேட்டார்களா? 'மன வியாதி' என்ற பெயர் கிடைத்ததும் எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நோயாளியின் ரகசியம் வெளியே போவதில் மானக்கேடு ஒரு பாதி. மற்றப் பாதி, அந்த ஒரு பெயருக்குப் பின்னால் வேலையிடத்தின் ஆபத்து மறைந்துபோவது.

தோட்டத்தில் அடிக்கும் மருந்தால்தான் வந்தது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தமாக இருக்கலாம், மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கும் வயதும்கூட. ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. 2000ஆம் ஆண்டு வந்த இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, தொழிலாளர் கையாளும் இரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கம்பெனி வைத்திருக்க வேண்டும், ஆபத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும். தேவை என்று மதிப்பீடு சொன்னால், தொழில்சார் சுகாதார டாக்டர் ஒருவரைக் கொண்டு தொழிலாளரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். இந்த டாக்டர் பேனல் டாக்டரிலிருந்து வேறான பொறுப்பில் இருப்பவர். இவர் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பார், அதற்காகவே வருகிறார். ஆனால் இவரும் யாருக்காகப் பார்க்கிறேன், எதை எழுதுவேன் என்பதைச் சோதனைக்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே டாக்டர் இரண்டு தொப்பியும் போட்டுக்கொள்ளும்போதுதான் குழப்பமே வருகிறது.

அம்மா அடிக்கும் மருந்தின் டப்பாவைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், லேபிள் தெளிவாகத் தெரியும்படி. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடைசெய்துவிட்டார்கள், மிச்சம் மீதி எங்காவது ஸ்டோரில் இருந்தால் அது உடனே புகாருக்குரியது. இப்போது புல்லுக்கு அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட், குளுபோசினேட் வகை. இவற்றுக்கு 'கோலினெஸ்டரேஸ்' என்ற நொதியை அளக்கும் இரத்தப் பரிசோதனை பயன்படாது. பூச்சி, புழுவுக்கு உபயோகிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து என்றால் அந்தப் பரிசோதனை அவசியம். இரண்டையும் போட்டுக் குழப்பி, 'ரத்தம் நார்மல், ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் லேபிள் வேண்டும் என்கிறேன். வேலையால் வந்த நச்சுப் பாதிப்பு என்று ஒரு டாக்டர் நம்பினால் அதை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு, நாம் ஜே.கே.கே.பி. என்று சொல்வதற்கு, அவர் அறிவித்தாக வேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தொழில்சார் நோய்க்கு உரிமை கோரவும் அந்தப் பதிவு உதவும்.

போன் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் மகளே. டாக்டர் நெறிப்படி நடப்பவராக இருந்தால் உங்களிடம் ஒன்றும் சொல்லக்கூடாது. அம்மாவின் விஷயத்தில் நீங்களும் வெளியாள்தான். கோபப்படாதீர்கள், கிராணிக்குச் சொல்லும் சட்டம்தான் உங்களுக்கும். நம் வீடுகளில் மலாயோ ஆங்கிலமோ தெரிந்த பிள்ளை கூடப் போய் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். தாய் தன் பிள்ளை முன்னால் சொல்லத் தயங்கும் விஷயங்கள் இருக்கும். டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவே நிற்பதற்கு முன், நான் உள்ளே வரட்டுமா என்று அவரிடமே கேளுங்கள். புகார் விஷயமும் அப்படித்தான். இது அம்மாவின் புகார். அவருக்கு இஷ்டமில்லாவிட்டால் நீங்கள் எழுதி அனுப்பி லயத்தில் இன்னொரு பேச்சைக் கிளப்பாதீர்கள்.

அவர் சரி என்றால் கிளினிக்குக்கு ஒரு கடிதம் போதும், சண்டைக் கடிதமாக இருக்க வேண்டியதில்லை. தனியார் கிளினிக்குகளில் நோயாளியின் மனக்குறையைக் கேட்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதில் திருப்தி தராவிட்டால் ஈப்போவிலுள்ள பேராக் மாநிலச் சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகலாம். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மன்றம் டாக்டரைக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பதிவேட்டிலிருந்து நீக்கலாம். அம்மாவுக்குப் பணம் வாங்கித் தராது, அது நீதிமன்றத்தின் வேலை. விசாரணை மெதுவாகத்தான் நகரும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். வேலை மாற்றமும் சம்பளக் குறைவும் தனி விஷயம். எந்த டாக்டர், எந்தத் தேதியில், என்ன எழுதிக் கொடுத்து அம்மாவை மருந்தடிப்பிலிருந்து எடுத்தார்கள் என்று ஆபீசில் எழுத்தில் கேளுங்கள், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை வேலையைவிட்டே நிறுத்தினால், தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட 60 நாள்தான் அவகாசம். அது தாண்டிவிட்டால் கதவு அடைத்துவிடும்.

கிளினிக்குக்கு மலாயில் இப்படி எழுதுங்கள், அம்மா கையெழுத்தோடு: 'இந்தத் தேதியில் உங்களிடம் சிகிச்சைக்கு வந்தேன். நான் சொன்ன மருந்து விவரம் என் வேலையிடத்துக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி எந்த விவரத்தை, யாருக்கு, எந்த வழியாக அனுப்பினீர்கள் என்று தெரிவிக்கவும். இனி என் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எம்.சி.யிலோ பில்லிலோ எழுதி நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டாம். அன்றைய வருகையின் மருத்துவ அறிக்கை எனக்கு வேண்டும்.' அறிக்கைக்குக் கட்டணம் கேட்பார்கள், அது வழக்கம்தான். நேரில் கொடுத்தால் நகலில் கிளினிக் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். நகலை வீட்டில் வையுங்கள், தோட்ட ஆபீசில் போட்டோகாப்பி எடுக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.